அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

மேசையில் வைக்கிற சின்னக் கொடிகள், எட்டு நாட்டுக்கு,
பெங்களூரில் ஒரு கடையில் தைத்துத் தயாராக இருக்கின்றன.
முன்பணம் கொடுத்தாயிற்று.
ஜூஜுவாடியில் தடுப்பு. இ-பாஸ் இரண்டு முறை தள்ளுபடி.
காரணம் என்ற கட்டத்தில்
கொடி என்று எழுதியிருக்கக் கூடாதுதான்.

கொடி இல்லாமலே தொடங்கினேன்,
ஓசூர் பாகலூர் சாலை வீட்டு மாடியறையில்.
இஸ்திரி மேசைமேல் மடிக்கணினி,
அதற்கு முட்டாக மூன்று அக்கவுண்டன்சி புத்தகங்கள்.
கஞ்சி போட்ட புடவை. கேமரா எட்டாத இடத்தில் ரப்பர் செருப்பு.
பன்னாட்டு மலர் வணிகம், பத்து நாள் பயிற்சி.
நட்சத்திர ஓட்டலில் நடக்க வேண்டியது.
நான்கு நாடுகள் பணத்தைத் திருப்பிக் கேட்டன,
நான்கு நாடுகள் வந்தன.

எனக்கு மாலை ஆறு.
நைவாஷாவில் ஒச்சியெங்குக்கு மூன்றரை.
டா லாட்டில் ஹுயேனுக்கு இருட்டிவிட்டது, மடியில் குழந்தை.
கயாம்பேயில் ரொஸியோ அப்போதுதான் பல் தேய்த்துவிட்டு வருவாள்.
அபேபா முதல் நாள் வரவில்லை.
எத்தியோப்பியாவில் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்களாம்.
நான் சொன்ன மூன்றரைக்குக் காலையிலேயே வந்து,
ஆளில்லாத திரைமுன் அரைமணி நேரம் உட்கார்ந்து போயிருக்கிறாள்.
வாங்குகிறவரின் கடிகாரத்தை முதலில் படி என்று
பதினோரு ஆண்டாகச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

மூன்றாம் நாள், பேரம்.
விலையைச் சொன்னபின் வாயைத் திறக்காதே, ஏழு வரை எண்ணு,
முதலில் பேசுகிறவன் தோற்றான்.
ஒச்சியெங் விற்கிறான். நான் ஆல்ஸ்மீர் வியாபாரி.
தண்டுக்குப் பதினெட்டு சென்ட், என்றான்.
நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை.
ஏழு, பன்னிரண்டு, இருபது.
அடேயப்பா, என்ன அழுத்தக்காரன், கண்ணைக்கூட இமைக்கவில்லை
என்று வியந்துகொண்டிருந்தபோதுதான்
மின்விசிறி நின்றிருப்பதைப் பார்த்தேன்.

கைபேசி வழியாகத் திரும்பி உள்ளே போனேன்.
என் மௌனத்துக்கு அஞ்சி
பதினைந்துக்கு இறங்கி, பதின்மூன்றுக்கு இறங்கி,
பதினொன்றில் நின்றுகொண்டிருந்தான் அவன்.
எல்லோரும் சிரித்தோம். ரொஸியோவுக்குக் காப்பி புரையேறியது.

பிறகு அவன்,
பதினொன்றும் பொய்தான் மேடம், சும்மா தந்தாலும் விமானம் இல்லை,
என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினான்.
குழி. டிராக்டர். டிராக்டர் உயரத்துக்கு ரோஜா.
அபேபா தன் குழியைக் காட்டினாள்.
ரொஸியோ கம்பளியோடு வெளியே நடந்தாள், பனிமலை தெரிந்தது,
மலைக்குக் கீழே சிவப்பாக ஒரு மேடு.
ஹுயேன் டார்ச் அடித்தாள், தெரிந்தது கொஞ்சம்.

நானும் மடிக்கணினியைத் தூக்கி ஜன்னலில் வைத்தேன்.
பின்வீட்டுச் சவுடப்பாவின் பாலிஹவுஸ், அதன் வாசலில்
தாஜ்மஹாலைத் தின்றுகொண்டிருந்தன நான்கு எருமைகள்.
தாஜ்மஹால் ரகத்தின் பெயர் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.
இவர்களுக்குத் தெரியும். காதலர் தினத்துக்கு
இவர்கள் விலையைப் பார்த்துத்தான் அவர் தன் விலையை வைப்பார்.

முள் குத்தாதா, என்று கேட்டாள் ஹுயேன்.
ஜன்னலிலிருந்து கத்திக் கேட்டேன்.
அதுங்களுக்கு என்னம்மா, பழகிப்போச்சு, என்றார்,
முகக்கவசத்தை இறக்கிவிட்டு, நான்கு நாடுகளைப் பார்த்து,
யாரென்று தெரியாமல் கும்பிட்டார்.
நான்கு நாடுகளும் கும்பிட்டன. ஒச்சியெங் கொஞ்சம் தாமதமாக,
அவனுடைய நெட் அப்படி.

அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.
'உங்கள் போட்டியாளரை அறிவது எப்படி.'
வட்டப்படம், நாட்டுக்கு ஒரு நிறம், இந்தியாவுக்கு நூலளவு.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இந்த முறை மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கொடிகள் ஜூலையில் வந்தன, தக்காளி லாரியில்.
சரக்குக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.